குருந்துக்கு ஒரு மஞ்சள் துணி

குருந்து முள்ளுள்ள புதர். விட்டால் சிறு மரமாகும். இலை தடித்தது, பளபளப்பானது. கசக்கினால் எலுமிச்சை வாசனை வரும். முள் இலைக்காம்பின் இடுக்கில் இருக்கும். பூ வெள்ளை, சிறியது, மணமுள்ளது. காய் கோலிக்குண்டு அளவு. அதிலிருந்து எடுக்கும் எண்ணெயை வாத வலிக்குத் தேய்ப்பார்கள். சென்னையைச் சுற்றியுள்ள குன்றுகளில் இன்னும் வளர்கிறது.

கிறிஸ்டினாவின் ஆய்வேட்டில் இரண்டாம் அத்தியாயம் இதைத்தான் சொல்கிறது. ஆங்கிலத்தில், படங்களுடன்.

இதே குடும்பத்தில், இதற்கு மிக நெருங்கிய இன்னொரு செடி உண்டு. அதே முள், ஏறக்குறைய அதே இலை. பூவைப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். குருந்தின் பூவில் மகரந்தத் தாள்கள் தனித்தனியாக நிற்கும். மற்றதில் அவை ஒன்றாக ஒட்டிக் குழாயாகியிருக்கும்.

கிறிஸ்டினா தன் செடியின் பூவைப் பார்த்ததில்லை.

அவள் செடி நெடுங்குன்றம் பக்கம், காப்புக்காட்டை ஒட்டிய ஒரு காலி மனையின் மூலையில் நின்றது. காட்டுக்குள் போய் இலை பறிக்க அனுமதி கேட்டிருந்தாள். அனுமதி வரவில்லை. மனைக்கு வேலி இல்லை, யாரும் கேட்கவில்லை. மூன்று ஆண்டுகளாக அந்த ஒரு செடியிலிருந்துதான் இலை பறித்தாள். காட்டாங்குளத்தூர் ஆய்வகத்தில் காயவைத்து, பொடித்து, வடித்தெடுத்தாள். முதல் ஆண்டே ஒரு கிளையைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி, தடித்த தாளில் ஒட்டி, துறையின் அலமாரியில் சேர்த்தாள். தாளின் வலது மூலையில் சிறிய காகிதப் பொட்டலம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. உதிரும் பூவையும் காயையும் போடுவதற்கானது. அது காலியாகவே இருந்தது.

மழை விட்டுச் சில நாட்கள்தான் செடி பூக்கும். ஒருமுறை முடிச்சூரில் அவள் தெருவில் இடுப்பளவு வெள்ளம். அடுத்த முறை, மாதக்கணக்கில் காத்திருந்த கருவி ஆய்வகத்தில் அவளுக்குக் கிடைத்த வாரம். போய்ப் பார்த்தபோது காய் கூட இல்லை. ஆடுகள் மேய்ந்திருந்தன.

மே மாதம் கடைசியாக இலை பறிக்கப் போனபோது மனையில் ஜேசிபி நின்றது. பாதி மனை மண்ணாகியிருந்தது. அவள் ஸ்கூட்டியைச் சாய்த்துவிட்டு ஓடினாள். ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தினார். நாற்பது வயதிருக்கும். கதவில் குப்புராஜ் என்று எழுதி, கீழே கைப்பேசி எண் போட்டிருந்தது.

"அண்ணா, அந்த மூலைச் செடிய மட்டும் விட்டுடுங்க."

"எந்த செடி? எல்லாம் முள்ளாத்தான் கீது."

"அதோ, அந்தப் பச்சை. ப்ளீஸ்ணா."

"ஓனரு ஃபுல்லா க்ளீன் பண்ண சொல்லிக்கீறாரு. கல்லு நடணுமாம். நான் ஒண்ண வுட்டா எனக்குத்தான் பேஜாரு."

"என் படிப்பே அதுலதாண்ணா இருக்கு."

"செடிலயா?"

"செடிலதான்."

குப்புராஜ் இறங்கிவந்து செடியைச் சுற்றிப் பார்த்தார். ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

"போன வருஷம் படப்பைல ஒரு புத்து. சாமி கீது, நான் தொட மாட்டேன்னுட்டு வண்டிய திருப்பிக்கினு வந்துட்டேன். ஓனரும் வாயத் தொறக்கல. இது வெறும் செடி. இத இன்னான்னு சொல்றது?"

அவரே சொன்னார்.

"ஒரு மஞ்ச துணி கட்டு. கொஞ்சம் குங்குமம் வையி. நான் டீ குட்ச்சிட்டு வர்றதுக்குள்ள."

"நான் கிறிஸ்டியன்ணா."

"செடிக்கு அதெல்லாம் இன்னா தெரியும் தங்கச்சி."

மெயின் ரோட்டுக் கடையில் மஞ்சள் ரவிக்கைத் துணியும் மஞ்சள்தூளும் குங்குமமும் வாங்கினாள். கோயிலுக்கா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றாள். அடிமரத்தில் துணியைச் சுற்றி முடிச்சுப் போடும்போது முள் இரண்டு இடத்தில் கீறியது. மஞ்சளை நீரில் குழைத்துப் பூசினாள். எவ்வளவு பூசுவது என்று தெரியவில்லை. பாக்கெட் தீரும்வரை பூசினாள்.

குப்புராஜ் திரும்பிவந்து தள்ளி நின்று பார்த்தார்.

"கல்லு இல்லாம நல்லா இல்ல," என்றார். ஏறி உட்கார்ந்து, ஜேசிபியின் கையால் ஒரு பாறைத்துண்டைப் பொறுக்கியெடுத்து, செடிக்கு முன்னால் மெதுவாக நட்டார். "இப்ப போ. நான் பாத்துக்கறேன்."

வீட்டில் செல்வமேரி மகளின் கையைப் பார்த்தாள்.

"யாருக்குக் கல்யாணம்?"

"லேப்ல மஞ்சள் டெஸ்ட்டும்மா."

"நல்லாத் தேச்சுக் கழுவு. ஜெபத்துக்கு ஆளுங்க வர்ற நேரம்."

கழுவினாள். மஞ்சள் சில நாட்கள் நகக்கண்ணில் இருந்தது.

ஐப்பசியில் தேர்வாளரின் கேள்வி வந்தது. வேறு மாநிலத்துக்காரர். ஆய்வேட்டை நன்றாகவே படித்திருந்தார். அலமாரியில் உள்ள மாதிரியில் பூவும் இல்லை, காயும் இல்லை. நெருங்கிய இனம் அல்ல என்பதை எதைக்கொண்டு உறுதிசெய்தீர்கள்?

வழிகாட்டி சத்யநாராயணன் அதை இருமுறை படித்தார். குரலை உயர்த்தாதவர்.

"நியாயமான கேள்விதான்," என்றார். "நான் கையெழுத்துப் போடும்போதே யோசிச்சேன். அடுத்த சீசன்ல பூ வரும், போட்டுடலாம்னு விட்டுட்டேன். என் தப்பும் இருக்கு."

"இலையோட குறுக்குவெட்டு இருக்கே சார்."

"அது சப்போர்ட்டிங் எவிடன்ஸ். பூ வேணும். அதே செடியோட பூ. வேற செடியில எடுத்துட்டு வந்து இதுதான்னு சொன்னா அவர் கேப்பார். நானே கேப்பேன்."

"அது குருந்து இல்லேன்னா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இல்லேன்னா ஒவ்வொரு பக்கத்துலயும் பேர் தப்பு. மறுபடி ஆரம்பிக்கணும். போய்ப் பார்."

மழை விட்டிருந்தது. அன்று பிற்பகலே போனாள். வண்டலூர் பாலத்தில் ஏறும்போது ஒரே ஒரு பயம்தான் இருந்தது. செடி இருக்குமா. மனைக்குத் திரும்பும் முனையில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது.

செடி இருந்தது. முன்பைவிடச் செழித்திருந்தது. சுற்றிலும் கம்பி வலை, சிறிய கதவு, பூட்டு. மேலே தகரக்கூரை, செடி வளர்வதற்காக நடுவில் வட்டமாக வெட்டியிருந்தார்கள். அடிமரத்துக்குச் சிவப்புப் புடவை. பாறைத்துண்டுக்கு வெள்ளிக்கண். ரவிக்கைத் துணி புடவைக்கு அடியில் கொஞ்சம் தெரிந்தது. அருள்மிகு எலுமிச்சையம்மன் என்று பலகை சொன்னது.

கிறிஸ்டினா கம்பி வலையைப் பிடித்தபடி நின்றாள். சிரிப்பு வந்தது. செடியில் அங்கங்கே மொட்டு இருந்தது. விரிந்த பூ ஒன்றும் இல்லை. பாறையின் முன்னால் வாடிய பூக்கள் எண்ணெயிலும் மஞ்சளிலும் ஊறிக் கிடந்தன. வலை வழியாக விரலை விட்டு ஒன்றை இழுத்தாள். நசுங்கிப் பிசுபிசுத்தது. உள்ளே எதுவும் தெரியவில்லை.

"செருப்ப அந்தப் பக்கம் விட்டுட்டு வாம்மா."

எதிர்வீட்டிலிருந்து வந்த பெண்மணி. அறுபதைத் தாண்டியவள். கையில் சாவிக்கொத்து. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சாவித்ரி என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். இங்கே எல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

"மனைக்காரர் ஒண்ணும் சொல்லலியா ஆன்ட்டி?"

"வெளிநாட்டுல இருக்கார். போட்டோ அனுப்பினோம். மூலைய விட்டுட்டுக் கட்டிக்கறேன்னு சொல்லிட்டார். கூரைத் தகரம் அவர் உபயம்." சாவித்ரி கதவைத் திறந்தாள். "ஜேசிபிய இவ எதிர்ல கொண்டுவந்தா வண்டி நின்னுபோச்சு, தெரியுமா? மூணு தடவ ஸ்டார்ட் பண்ணிருக்கான். அசையல. அப்பறம்தான் பாத்திருக்கான், மஞ்சத் துணி."

"யார் சொன்னா?"

"அந்த டிரைவரேதான். வெள்ளிக்கிழமையானா குடும்பத்தோட வர்றார்."

கிறிஸ்டினா தரையைப் பார்த்தாள். பிறகு தன் வேலையைச் சொன்னாள். பல்கலைக்கழகம், ஆய்வு, பூ. மொட்டும் பூவுமாக ஒரு சாண் கிளை போதும்.

"கிளையா?" சாவித்ரி சாவிக்கொத்தை இடுப்பில் செருகினாள். "கத்தி படக்கூடாதும்மா. அதான் இங்க முதல் விதியே. பூவைக் கூட நாங்க குளிச்சிட்டு விடியறதுக்குள்ள பறிச்சு அவளுக்குச் சாத்திடறோம். ரெண்டு நாளாத்தான் பூக்கறா."

"இது எலுமிச்சை இல்ல ஆன்ட்டி."

"தெரியும். எலுமிச்சைக்கு இப்படி இலை வருமா. வாசனைய வச்சுப் பேர் போட்டோம். நீதான் படிச்சவளாச்சே. இது என்ன மரம்?"

"குருந்துன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

கிறிஸ்டினா புடவைக்கு அடியில் தெரிந்த துணியைப் பார்த்தாள். பிறகு, "அந்த மஞ்சள் துணியக் கட்டினது நான்தான்," என்றாள். "சாமின்னு நினைச்சுக் கட்டல. செடிய வெட்டாம இருக்கறதுக்காக. டிரைவரும் நானும் பேசி வச்சுக்கிட்டோம். வண்டி நிக்கல, அவர்தான் நிறுத்தினார்."

சாவித்ரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் வரும் என்று கிறிஸ்டினா காத்திருந்தாள்.

"யாராவது ஒருத்தர் கட்டித்தானேம்மா ஆகணும்," என்றாள் சாவித்ரி. "உன் பேர் என்ன?"

"கிறிஸ்டினா."

"பரவாயில்ல. வெள்ளிக்கிழமை காலம்பற வா. பூ கட்டிப் போட்டுக் கேட்டுடலாம். வெள்ளை வந்தா கிளைய ஒடிச்சுக்கோ, நானே பிடிச்சுக்கறேன். சிவப்பு வந்தா கேக்கக்கூடாது. குளிச்சிட்டு வா. முட்டை கூடச் சாப்பிடாதே."

வெள்ளிக்கிழமை காலை செல்வமேரி ஆம்லெட் போட்டுத் தட்டை நகர்த்தினாள். பசியில்லை என்றாள் கிறிஸ்டினா. தலைக்குக் குளித்துவிட்டுப் பசியில்லையா என்றாள் செல்வமேரி. ஒரு பரீட்சை மாதிரிம்மா என்றாள். அது பொய்யில்லை. அம்மா அவள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள்.

மனைக்கு வெளியே ஜேசிபி நின்றது. கழுவி, மூன்று இடத்தில் பட்டை போட்டு, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. குப்புராஜ் வெள்ளைச் சட்டையில் வந்தார். பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"இன்னா தங்கச்சி, நீ கட்டுன துணி. இன்னா பவரு பாத்தியா."

"வண்டி நின்னுபோச்சுன்னு சொன்னீங்களாமே."

"ஓனருகிட்ட வேற இன்னா சொல்றது? அவுரு இந்தம்மாகிட்ட சொல்லிட்டாரு, இந்தம்மா வந்து என்னியக் கேட்டுச்சு. அப்பால நானே மாத்திச் சொன்னா அசிங்கம் இல்ல?" அவர் செடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஒண்ணு சொல்லவா. அன்னிலேர்ந்து வண்டி ஒரு நாளு கூட மக்கர் பண்ணல."

ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். பறித்த பூ முழுவதும் சரமாகப் பாறையின்மேல் கிடந்தது. எட்ட முடியாத உயரத்தில் நாலைந்து வெண்புள்ளிகள் தெரிந்தன. அங்கிருந்து பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஸ்கூட்டி சாவியோடு தொங்கிய லென்ஸை அவள் உள்ளங்கையில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

சாவித்ரி செய்தித்தாளைக் கிழித்து இரண்டு துண்டாக்கினாள். ஒன்றில் செவ்வரளி. இன்னொன்றில், தட்டில் மிச்சம் வைத்திருந்த அந்தச் செடியின் பூ இரண்டு, காம்போடு. இரண்டிலும் சிட்டிகை குங்குமம். ஒரே மாதிரி மடித்து, கண்ணை மூடிக்கொண்டு குலுக்கி, பாறையின் முன்னால் போட்டாள்.

"நீங்க எடுங்க," என்று குப்புராஜிடம் சொன்னாள். "அவ முதல்ல காட்சி குடுத்தவரோட கை."

குப்புராஜ் கிறிஸ்டினாவைப் பார்க்காமல் குனிந்தார். இடதுபக்கப் பொட்டலத்தின்மேல் கை நின்றது. வலதுபக்கம் போனது. மறுபடி இடதுபக்கம் வந்தது. எடுத்துக் கொடுத்தார்.

சாவித்ரி பிரித்தாள். செவ்வரளி.

ஒரு பெண் கிறிஸ்டினாவின் தோளைத் தொட்டு, தை மாசம் மறுபடி கேட்கலாம், அம்மா மனசு மாறுவாள் என்றாள். தை மாதத்தில் பூ இருக்காது. கிறிஸ்டினா தலையாட்டினாள்.

குப்புராஜ் அருகில் வந்தார். "கைய மாத்தி வச்சிட்டேன் தங்கச்சி. மொதல்ல ரைட்டுக்குத்தான் போனேன்." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "சாயந்தரமா ஆளில்லாதப்ப ஒரு கிளைய ஒடிச்சிக் குடுக்கட்டா?"

"வேணாம்ணா. கேட்டாச்சு."

பெண்கள் விளக்கு ஏற்றப் போனார்கள். பாறையின் முன்னால் பிரிக்காத பொட்டலம் கிடந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அதற்கு இனி வேலையில்லை. சாவித்ரி துடைப்பத்தோடு வந்தாள்.

"ஆன்ட்டி, அந்தப் பொட்டலம் எனக்குக் கிடைக்குமா?"

"அது எதுக்கு? அதான் வரலியே."

"கிளை வேணாம். அது மட்டும்."

சாவித்ரி யோசித்தாள். குனிந்து எடுத்துக் கொடுத்தாள். "பூவ நாங்க யாருக்கும் இல்லேன்னு சொன்னதில்ல. நீ கேட்டது கிளை."

கிறிஸ்டினா சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மடியில் பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு பூ. வெள்ளை இதழ்களில் குங்குமம் படிந்திருந்தது. ஊதினாள். துப்பட்டாவின் சேஃப்டி பின்னைக் கழற்றினாள். லென்ஸைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, பூவை அதன் அருகில் கொண்டுபோனாள். முதலில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டாள்.

இதழ்களுக்கு அடியில் பச்சைப் புல்லிவட்டம் ஒரு பக்கம் அடிவரை பிளந்திருந்தது. ஒழுங்கற்ற பிளவு. குருந்துக்குப் புத்தகத்தில் சொல்லியிருந்தபடியே. அவள் அதை மட்டும் நம்பத் தயாராக இல்லை. ஓர் இதழை விலக்கி, மகரந்தத் தாள்களுக்கு நடுவே பின்னின் முனையை விட்டாள். குழாயாக இருந்தால் முனை தடுக்கும்.

தடுக்கவில்லை. ஒன்று தனியாக விலகியது. பக்கத்தில் இருந்ததைத் தொட்டாள். அதுவும் விலகியது. சுற்றிவந்தாள். எல்லாம் தனித்தனியாக நின்றன. இரண்டாவது பூவையும் பார்த்தாள்.

லென்ஸைக் கீழே வைத்தாள். மூச்சு வெளியே வந்தது. அது உள்ளே நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"இன்னாச்சும்மா?" என்றார் குப்புராஜ். "அழுவுற போலகீது."

"அழல," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆன்ட்டி, இது குருந்துதான்."

"நினைக்கிறியா?"

"இல்ல. குருந்துதான்."

சாவித்ரி துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். செடியை ஒருமுறை புதிதாகப் பார்ப்பதுபோல அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள்.

"அப்ப பலகைய மாத்தணும்," என்றாள். "குருந்தம்மன். நல்லாத்தான் இருக்கு. பெயிண்டர்கிட்ட சொல்றேன். இது எதுக்காவது மருந்தா?"

"காய் எண்ணெய மூட்டு வலிக்குத் தேய்ப்பாங்க."

ஒரு பெண் தன் முழங்காலைத் தொட்டுக்கொண்டாள். இன்னொருத்தி மேலே பார்த்தாள். காய்க்கட்டும், பார்க்கலாம் என்றாள் சாவித்ரி. கிறிஸ்டினாவுக்குச் சுண்டல் கொடுத்தார்கள். பசித்தது. இரண்டு தொன்னை சாப்பிட்டாள்.

புறப்படும் முன் கைப்பேசியில் செடியைப் படம் எடுத்தாள். உயரத்துப் பூக்களையும், மொட்டுக் கிளையையும், அடிமரத்தையும். புடவை வேண்டாம் என்று பார்த்தாள். முடியவில்லை. எல்லாப் படத்திலும் புடவை இருந்தது.

சத்யநாராயணன் பூக்களை நுண்ணோக்கியின் அடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். முடிவு தெரிந்த பிறகும் நிற்கத்தான் முடிந்தது.

"உட்கார்," என்றார், கண்ணை எடுக்காமல். "மகரந்தத் தாள் எல்லாம் ஃப்ரீயாத்தான் இருக்கு. சந்தேகமே இல்ல."

"கிளை கிடைக்கல சார். அதே செடிதான். படம் இருக்கு."

"கிளைதான் மூணு வருஷமா அலமாரியில இருக்கே. அதுல பொட்டலம் எதுக்கு ஒட்டி வச்சோம்?"

அவள் கிளை ஒட்டிய தாளை எடுத்துவந்தாள். நாப்தலின் வாசனை. இலைகள் பழுப்பாகியிருந்தன, முள் அப்படியே இருந்தது. மூலையில் இருந்த காகிதப் பொட்டலத்தைத் திறந்தாள். இடுக்கியால் பூக்களைத் தூக்கி உள்ளே வைத்தாள். செய்தித்தாள் துண்டை மேசையில் விரித்தபடி விட்டாள்.

அவர் பொட்டலத்துக்குள் எட்டிப் பார்த்தார். "அது என்ன சிவப்பு? பூஞ்சையா?"

"குங்குமம் சார்."

அவர் அவளைப் பார்த்தார். படத்தில் இருந்த புடவையைப் பார்த்தார்.

"இருக்கட்டும்," என்றார். "பூ எடுத்த தேதியத் தனியா எழுது."